செல்வாம்பாள் பேசச் சொன்ன பெட்டி

புதுச்சேரி துய்மா வீதியில் முசியே ஜான்-பத்திஸ்த் வீட்டில் அடுப்பு முதல் சாவிக்கொத்து வரை எல்லாம் செல்வாம்பாள் ராஜ்ஜியம். முசியே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, சூப் கிண்ணம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுகூட மனிதருக்குத் தெரியாது. செல்வாம்பாள் தவளக்குப்பத்துக்கு உள்ளே தள்ளியிருக்கிற ஊரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வேலைக்கு வருவாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, கணீரென்ற குரல். ஊரில் ஆடிக்கூழ் ஊற்றுவதிலிருந்து தெருக்குழாயில் யார் முதலில் குடம் வைப்பது என்பது வரை அவள் வைத்ததுதான் சட்டம். இப்படிப்பட்டவளிடம் போய் ஒருத்தர் யோசனை கேட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

கேட்டவள் முசியேயின் மகள் க்ளெமான்ஸ். பிரான்சில் படித்துவிட்டு அங்கேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள், அந்த வருடம் ஆவணி பிறந்ததும் ஒரு கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினாள். டவுனில் இருக்கிற தர்ம ஆஸ்பத்திரியின் கூடத்தில் அதை ஒரு மரப்பெட்டிக்குள் வைக்கப் போகிறார்களாம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்கூட, கண்ணாடியில் தெரியும் படத்தைத் தொட்டால் போதும், உடம்புக்கு என்ன என்று பெட்டிக்குப் புரிந்துவிடுமாம். காய்ச்சலுக்கு ஒரு படம், தலைவலிக்கு ஒரு படம், வயிற்றுவலிக்கு ஒன்று, பெண்களின் மாத நோய்க்கு ஒன்று. தொட்டதும் எந்த டாக்டரிடம் போகவேண்டும் என்று சீட்டு வரும்.

"இத நான் மட்டும் ஒக்காந்து செய்யக் கூடாது, செல்வாம்மா," என்றாள் க்ளெமான்ஸ். "யாரு தொடப் போறாங்களோ அவங்களோட சேந்து செய்யணும். உங்க ஊர்லேர்ந்து பொம்பளைங்கள அழைச்சிட்டு வர்றீங்களா?"

"அப்ப அந்தச் சீட்டு எழுதற ஆளுகிட்ட வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேணாமா, பாப்பா?"

"வேணாம். தொட்டாப் போதும்."

செல்வாம்பாளுக்கு அப்படியே நெஞ்சில் பால் வார்த்தமாதிரி இருந்தது. காரணம் அவள் ஓரகத்தி அஞ்சலாட்சி.

அஞ்சலாட்சிக்கு மாத விலக்கு நின்று இரண்டு ஆடி போய்விட்டது. நின்றது மறுபடி மாசியில் வந்தது. வந்தது நிற்கவில்லை. துணி துவைக்கிற இடத்தில் ஒருநாள் கறை செல்வாம்பாள் கண்ணில் பட்டுவிட, அஞ்சலாட்சி அவளை வீட்டுக்கு இழுத்துப்போய், தூங்கிக்கொண்டிருந்த தன் மகன் தலைமேல் அவள் கையை வைத்து அழுத்தி, "யார்கிட்டயும் மூச்சு உட மாட்டேன்னு சத்தியம் பண்ணுக்கா," என்றாள். செல்வாம்பாளும் பண்ணித் தொலைத்தாள். பிறகு, "ஆஸ்பத்திரிக்கு வாடி," என்று கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். எங்கே வருவாள்! தர்ம ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற கோவிந்தராசு அவர்கள் ஊர்க்காரன், அதிலும் பங்காளி. "என்னா உடம்புக்கு?" என்று கூடமே அதிரக் கேட்டுத்தான் எழுதுவான். சாயங்காலம் அவர்கள் போகிற பஸ்ஸில்தான் அவனும் போவான்.

வெட்கம் மட்டும் என்றால்கூட விட்டுவிடலாம். ஆடியில் அம்மனுக்குக் கூழ் காய்ச்சும்போது தீட்டுள்ளவள் பானைப் பக்கம் வரக்கூடாது. அஞ்சலாட்சி வராமல் இருந்திருந்தால் ஏன் வரவில்லை என்று ஊர் கேட்டிருக்கும். அதனால் வந்தாள், துடுப்புப் பிடித்துக் கிண்டினாள், இந்த நோயோடு கிண்டினாள். இன்றைக்கு அது வெளியே தெரிந்தால், அந்த வருடம் ஊரில் செத்த மாட்டுக்கும் காய்ந்த கத்தரிக்கும் அவள்தான் காரணம் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவளோ நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தாள். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. செல்வாம்பாளுக்கு ஒரே ஒரு கவலைதான். இவள் வாயைத் திறப்பதற்குள் உயிர் போய்விடக் கூடாது.

ஆகவே பெட்டி வந்தே ஆகவேண்டும். இந்த ஆராய்ச்சியில் க்ளெமான்ஸ் பாஸாகியே தீரவேண்டும்.

பெண்கள் வந்தார்கள். க்ளெமான்ஸ் வராந்தாவில் பாய் விரித்து, எல்லோருக்கும் காப்பி கொடுத்து, கைகூப்பிச் சொன்னாள்: "நாங்க உங்கள டெஸ்ட் பண்ணலை. பெட்டியத்தான் டெஸ்ட் பண்றோம். நீங்க தப்பாத் தொட்டா அது பெட்டியோட தப்பு. கொறைய தாராளமாச் சொல்லுங்க."

நல்ல வார்த்தைதான். ஆனால் ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவனும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே பேசினான். பிறகு பார்த்தால் பெயரை அடித்துவிட்டுப் போயிருந்தான். தவிர, செல்வாம்பாள் தூக்கி வளர்த்த பிள்ளை செய்த பெட்டி. சாப்பிட்ட வீட்டில் உப்புக் குறைச்சல் என்று சொல்லலாமா? செல்வாம்பாள் முதல் நாளே கொல்லைப்புறச் சிமெண்டில் அடுப்புக்கரியால் கட்டம் போட்டு, எது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் பாடம் நடத்தியிருந்தாள். "இது காச்சல். இது தலைவலி. எவளாவது மாத்தித் தொட்டீங்க, அப்பறம் பேச்சு வார்த்தையே கிடையாது, சொல்லிட்டேன்."

ஒருத்திகூடத் தப்பாகத் தொடவில்லை. எண்ணெய் விட்டமாதிரி விரல்கள் வழுக்கிக்கொண்டு சரியான படத்தில் போய் நின்றன. க்ளெமான்ஸ் சந்தோஷப்பட்டாளா, சந்தேகப்பட்டாளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "எதுவுமே கஷ்டமா இல்லையா? ஏதாவது சேக்கணுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எல்லோரும் செல்வாம்பாளைப் பார்த்தார்கள். இவ்வளவு கெஞ்சுகிறாளே, ஒன்றுமே சொல்லாவிட்டால் பிள்ளைக்கு மனசு கஷ்டமாகிவிடுமே என்று செல்வாம்பாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"படம் மட்டும் ஊமையா நிக்குது, பாப்பா. தொட்டா இன்னாத தொட்டோம்னு வாயத் தொறந்து பேசுனா நல்லாருக்கும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

க்ளெமான்ஸ் துள்ளிக் குதித்துவிட்டாள். அன்றைக்கே பிரான்சுக்குப் போன் போட்டு யாரிடமோ படபடவென்று பேசினாள். நடுநடுவே "செல்வாம்பாள், செல்வாம்பாள்" என்று காதில் விழுந்தது. அவளுடைய பேராசிரியரே பாராட்டினாராம். மக்களிடமிருந்தே வந்த யோசனையாம். இதற்காகத்தான் இந்த ஆராய்ச்சியே நடக்கிறதாம். அன்று சாயங்காலம் பஸ்ஸில் செல்வாம்பாள் ஜன்னலோரம் உட்கார்ந்த தோரணையைப் பார்த்திருக்க வேண்டும். கண்டக்டர் டிக்கெட் கேட்கவே தயங்கினான்.

அடுத்த தடவை பெண்கள் வந்தபோது பெட்டிக்கு வாய் முளைத்திருந்தது. யாரோ டீச்சரம்மாவின் குரல். ரேடியோவில் செய்தி வாசிக்கிறமாதிரி அத்தனை தெளிவு. முதலில் தொட்டவள் வயிற்றைத் தொட்டாள்.

"நீங்கள் தேர்ந்தெடுத்தது, வயிற்றுவலி!" என்றது பெட்டி. "சரி என்றால் பச்சையைத் தொடுங்கள்!"

உள்ளே சாப்பாட்டு மேசையிலிருந்து முசியே கத்தினார். "கெஸ்கிலியா? என்னாச்சு? யாருக்கு வயித்துவலி?"

மூன்று தடவை கூப்பிட்டால் ஒருதடவை திரும்பிப் பார்க்கிற காது அவருக்கு. அந்தக் காதுக்கே எட்டிவிட்டது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்து அஞ்சலாட்சி. "ஒங்களுக்கு நெஜமா என்ன கஷ்டமோ அதையே தொடுங்க," என்றாள் க்ளெமான்ஸ். அஞ்சலாட்சியின் விரல் நேராக மாத நோய்ப் படத்துக்குத்தான் போனது. கண்ணாடிக்கு ஒரு நூல் முன்னால் நின்றது. பிறகு பக்கத்தில் நகர்ந்து தலைவலியைத் தொட்டது.

"நீங்கள் தேர்ந்தெடுத்தது, தலைவலி!"

கோவிந்தராசு ஒருத்தன் கத்துவது போதாதென்று, கத்துவதற்குத் தானே ஒரு பெட்டியை ஏற்பாடு பண்ணியிருக்கிறோம் என்பது அப்போதுதான் செல்வாம்பாளுக்கு உறைத்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

"செல்வாம்மா, ஏதாவது மாத்தணுமா?" க்ளெமான்ஸ் பேனாவும் கையுமாக நின்றாள்.

சொல்லவேண்டியதுதானே? "இந்தச் சத்தம் வேணாம் பாப்பா," என்றால் முடிந்தது வேலை. வாயில் என்ன கொழுக்கட்டையா? ஆனால் பிரான்சு வரைக்கும் போய்விட்ட யோசனை. தன் பெயரில் போயிருக்கிறது. ஏன் வேண்டாம் என்று கேட்டால் அஞ்சலாட்சி கதையைச் சொல்லவேண்டும், சத்தியம் இருக்கிறது. இந்தச் சத்தியத்தைக் காரணமாக வைத்துக்கொண்டாள் என்பதுதான் உண்மை. உள்ளே உட்கார்ந்து தடுத்தது அந்த ஜன்னலோரத் தோரணை.

"ஒண்ணும் வேணாம், பாப்பா. அம்சமா இருக்கு."

பஸ்ஸில் அஞ்சலாட்சி அவள் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். "அங்க ஜனக்கூட்டம் கசகசன்னு இருக்கும்டி," என்றாள் செல்வாம்பாள். "அது பேசறது எவன் காதுல உழப்போவுது? நீ பாட்டுக்குத் தொட்டுட்டு வந்துடு." அஞ்சலாட்சி முதலியார்பேட்டை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். பட்டப்பகலில் இப்படித் தூங்குகிறவள் இல்லை அவள்.

புரட்டாசியில் பெட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தது. பிரான்சிலிருந்து பேராசிரியரும் வந்து, வியர்வையைத் துடைத்தபடி ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோவிந்தராசுவுக்குச் சீட்டு எழுதுகிற வேலை போய், வரிசையை ஒழுங்குபடுத்துகிற வேலை வந்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கூடம் நிறையக் கூட்டம். சத்தத்தில் பெட்டி பேசுவது கேட்காதே என்று, வேலையில் அக்கறையுள்ள க்ளெமான்ஸ் அதன் குரலை இன்னும் ஏற்றி வைத்திருந்தாள்.

ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போனார்கள்.

"தலைவலி!" என்றது பெட்டி. "தலைவலி!" "காய்ச்சல்!" "தலைவலி!"

அன்றைக்குப் புதுச்சேரியில் தலைவலி இல்லாத பெண்ணே கிடையாது. பொது டாக்டர் அறை வாசலில் வரிசை வளைந்து குடிதண்ணீர்க் குழாய் வரை போயிருந்தது. பெண்களைப் பார்க்கிற டாக்டர் ஹேமலதாவின் அறை முன்னால் பெஞ்சு காலி. பேராசிரியர் தலையாட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். க்ளெமான்ஸ் மட்டும் அந்தக் காலிப் பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அஞ்சலாட்சியின் முறை வந்தது. செல்வாம்பாள் பின்னால் நின்று முதுகில் லேசாகத் தள்ளினாள். "வாம்மா, வா, நம்ம இராமதாசு சம்சாரந்தானே," என்று கோவிந்தராசு உரிமையோடு வழிவிட்டான். அவ்வளவுதான். அஞ்சலாட்சி மாத நோய்ப் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்கள் தேர்ந்தெடுத்தது, தலைவலி!"

சீட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை; உதடெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. "மாத்திரைய வாங்கிட்டுப் போயிடலாங்க்கா. நிக்க முடியல," என்றாள்.

செல்வாம்பாள் அவளைப் பார்த்தாள். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. யார் மேல் கோபப்படுவது? அந்தக் குரலைக் கேட்டு வாங்கியவள் அவள். அம்சமாக இருக்கிறது என்று சொன்னவளும் அவள். இவள் தலைவலி மாத்திரையோடு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று மனசு அடித்துச் சொன்னது.

"செத்த ஒக்காரு," என்று அஞ்சலாட்சியைக் காலியாகக் கிடந்த அந்தப் பெஞ்சில் உட்காரவைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசையை மதிக்காமல் நேரே பெட்டிக்குப் போனாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கண்டுகொள்ளவில்லை. விரலை நீட்டி அந்தப் படத்தின் மேல் அழுத்தினாள்.

"நீங்கள் தேர்ந்தெடுத்தது, மாதவிடாய்க் கோளாறு! சரி என்றால் பச்சையைத் தொடுங்கள்!"

கூடம் அடங்கிப்போனது. பின்னால் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலு பேர். "இந்த வயசுலயா?" என்று ஒரு குரல். ஊர்ப் பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். செல்வாம்பாளுக்குக் காது மடல் சுட்டது. அத்தனை பேர் நடுவில் புடவை அவிழ்ந்துபோனமாதிரி இருந்தது. பச்சையைத் தொட்டாள்.

கோவிந்தராசு பக்கத்தில் வந்தான். மெதுவாகத்தான் கேட்டான், ஆனால் ஊர்ப் பெண்களுக்குக் கேட்கிற மெதுவு. "அண்ணி... ஆடியில கூழு ஊத்தறப்ப நீங்கதானே முன்னால நின்னீங்க?"

"ஆமா, நாந்தான் நின்னேன். பானையத் தொட்டேன், துடுப்பத் தொட்டேன், ஒன் சொம்புலகூட நாந்தான் ஊத்துனேன். மூணு சொம்பு குடிச்ச. இப்ப இன்னாங்கற?"

அவன் பின்வாங்கினான். வாய்தான் பின்வாங்கியது, சாயங்கால பஸ்ஸில் என்ன பேசப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த ஆடியில் தன்னைப் பானைப் பக்கம் விடமாட்டார்கள் என்பதும் தெரியும். அந்தக் கூழ்தான் அவளுக்கு ஊரில் இருந்த சிம்மாசனம்.

பெட்டியின் பின்பக்கம் ஏதோ சொடக்கென்றது. க்ளெமான்ஸ் குனிந்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கியிருந்தாள். பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அவள் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு செல்வாம்பாளையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "ஏன் சொல்லலை, செல்வாம்மா?" என்றாள்.

"அப்பறம் திட்டு, பாப்பா. இப்ப வழிய உடு."

பெட்டியிலிருந்து நீண்ட சீட்டைக் கிழித்தெடுத்துக்கொண்டு அஞ்சலாட்சியைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். "எனக்குத் தொணைக்கு வா," என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள். அஞ்சலாட்சி எழுந்து வந்தாள். அவள் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

டாக்டர் ஹேமலதா காலையிலிருந்து யாரும் வராமல் பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சீட்டை வாங்கிப் பார்த்தாள். செல்வாம்பாளை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அஞ்சலாட்சி கதவோரமாகச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"சொல்லுங்கம்மா. எவ்வளவு நாளா இருக்கு?"

செல்வாம்பாள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சத்தியம் பண்ணின கையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். அவளால் முடிந்தது இந்த அறை வரைக்கும்தான். இதற்கு மேல் அவள் சொல்ல முடியாது.

"கூச்சப்படாதீங்க. நின்னு போயிருக்கணுமே உங்களுக்கு. மறுபடி வந்துச்சா?"

செல்வாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் பொறுமையிழந்து, "இப்படி எதுவுமே சொல்லாம இருந்தா எப்படிம்மா? எழுந்து அந்தக் கட்டில்ல படுங்க, பாத்துடறேன்," என்று கையுறையை எடுத்தாள்.

செல்வாம்பாள் எழுந்தாள். சொன்னபடி கட்டிலை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

"அவங்களுக்கு ஒண்ணுமில்லீங்க," என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

டாக்டர் திரும்பினாள்.

"எனக்குத்தாங்க," என்றாள் அஞ்சலாட்சி. "மாசியிலேர்ந்து."